உள்ளத்தின் திறவுகோல் யார் கையில்?

(திண்டுக்கல்லில் ஆற்றிய உரை)



பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர் இத் திண்டுக்கல். பூட்டின் உள்ளமைப்பை அறிந்தவனே அதற்குத் திறவுகோல் செய்ய வல்லான். மாந்த உள்ளமும் அத்தகையதே. அஃது எவ்வழியில் முடிவெடுக்கிறது என ஆராயும் துறையை நடத்தையியல் என்பர். மாந்தர் ஒவ்வொன்றையும் சீர்தூக்கி முடிவெடுப்பதில்லை. பழக்கம், அடையாளம், அண்டை அயலாரின் செயல் ஆகிய குறுக்கு வழிகளிலேயே பெரும்பாலும் முடிவெடுக்கின்றனர் என்பது அத்துறை கண்ட உண்மை. இதனை ஆய்ந்த தானியேல் கானமன் என்னும் உளவியலறிஞர்க்கு 2002இல் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது. 2010இல் பிரித்தானிய அரசு இதற்கெனத் தனிப்பிரிவே அமைத்தது. ஆனால் இவ்வுண்மையைக் காண நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. இந்த மண்ணே அதற்குச் சான்று பகரும்.

1973 மே 20ஆம் நாள் இங்கு நாடாளுமன்ற இடைத்தேர்தல் நடந்தது. ம.கோ. இராமச்சந்திரனார் கட்சி தொடங்கி ஏழு திங்களே ஆகியிருந்தன. அக்கட்சி வேட்பாளர் மாயத்தேவர்க்குத் தேர்தல் சின்னமாக வாய்த்தது இரட்டை இலை. 1971 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு நாற்பதின்மர்க்கும் குறைவு. எழுத்தறியா மக்களுக்குச் சின்னமே எழுத்து. இரு விரலை உயர்த்திக் காட்டினாலே அது விளங்கிவிடும்! மாயத்தேவர் ஏறத்தாழ 2,60,000 வாக்குகள் பெற்று வென்றார். வெற்றிக்குத் தலைவரின் புகழே முதற் கரணியம். ஆயினும் அப்புகழ் வாக்குச்சாவடிக்குள் நுழைந்தது அவ்விரண்டு இலைகளின் வழியே அன்றோ?

அதன் ஆற்றலைப் பின்னர் கண்டோம். தலைவர் மறைந்தபின் கட்சி பிளந்தது, சின்னம் முடக்கப்பட்டது. 1989 சனவரித் தேர்தலில் ஓரணி சேவலிலும் மற்றோரணி இரட்டைப் புறாவிலும் நின்றன. இரண்டும் ஆட்சியை எட்டவில்லை. 2017இல் மீண்டும் பிளவு நேர்ந்தபோது, கொள்கையைக் காட்டிலும் சின்னம் எவர்க்கு என்பதே பெருவழக்காயிற்று.

இனி, அரசின் திட்டங்களுக்கு வருவோம். குடும்ப நலத்திட்டத்தில் மூன்று திறவுகோல்கள் பயன்பட்டன. முதலாவது பணம். 1956இல் சென்னை மாநில அரசு, அறுவை செய்துகொள்ளும் ஏழையர்க்கு 30 உரூபா வழங்கத் தொடங்கியது. இரண்டாவது வன்முறை. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-77ஆம் ஓராண்டில் மட்டும், நாடு முழுவதும் 80 இலக்கத்துக்கும் மேற்பட்டோர்க்கு அறுவை நடந்தது. வடபுலத்தில் மக்களை வலிந்து இழுத்துச் சென்றனர். 1977 தேர்தலில் அம்மக்கள் விடையிறுத்தனர்.

மூன்றாவது திறவுகோல் இங்கேயே உருவாயிற்று. சின்னாளப்பட்டியை அடுத்த காந்திகிராமத்தார், 1959 அளவில் ஆத்தூர் வட்டாரத்தில் முன்னோடித் திட்டமொன்றைத் தொடங்கினர். எவர் சொல்லை ஊரார் கேட்பர் என்று ஊராரிடமே கேட்டறிந்தனர். அத்தகையோர்க்குச் செய்தியை விளக்கிப் பயிற்சி தந்தனர். மக்கள் தம்முள் பேசித் தாமே முடிவெடுத்தனர். அடுத்த பத்தாண்டில் பிறப்பு வீதம் அங்குத் தெளிவாகக் குறைந்தது. இங்கும் பயன்பட்டது மாந்தரின் இயல்பறிவே. ஆனால் அஃது ஒளிக்கப்படவில்லை. மறுப்போர்க்கு மறுக்கும் உரிமையும் இருந்தது.

அதே அறிவை இன்று எதற்குப் பயன்படுத்துகின்றனர்? 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பின், வாக்குக்குப் பணம் என்னும் இழிவழக்கத்துக்கு அவ்வூர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது. 2017 ஏப்பிரலில் சென்னை இராதாகிருட்டிணன் நகர் இடைத்தேர்தலைப் பணப் பங்கீட்டின் கரணியத்தால் தேர்தல் ஆணையமே நிறுத்தியது. வாக்குச் சீட்டு மறைவானதாயிற்றே, பணம் வாங்கியவர் மாற்றி வாக்களித்தால் எவர்க்குத் தெரியும்? எவர்க்கும் தெரியாது. கொடுப்பவனும் இதனை அறிவான். ஆயினும் கொடுக்கிறான். ஏன்? உப்பிட்டவரை மறவாதவன் தமிழன் என்பதை அவன் அறிவான். நம் தீமையைக் கொண்டு அவன் நம்மை வீழ்த்தவில்லை. நம் நன்றியுணர்வைக் கொண்டே வீழ்த்துகிறான்! ஆனால் அப்பணம் அவன் இட்ட உப்பன்று. நம்மிடமிருந்தே மீண்டும் எடுக்கப்படுவது. அதற்கு நன்றிக்கடன் ஏது?

எனவே, பெருமக்களே, நம் உள்ளத்தைத் திறக்க வருவோரிடம் ஒரு வினா கேளுங்கள்: “நீ செய்வதன் நோக்கத்தை என் முகத்துக்கு நேரே, எனக்கு விளங்கும் தமிழில் சொல்வாயா?” சொல்பவன் வழிகாட்டி, மறைப்பவன் கள்வன். விளங்காத மொழியில் அச்சிட்ட கடன்தாளில் கையொப்பம் இடாதீர்கள். தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். இன்றே முடித்தாக வேண்டும் என விரைவுபடுத்தினால் ஒருநாள் பொறுங்கள். பணம் தெருவுக்கு வருமுன்னரே, எவர்க்கு வாக்கு என்பதைக் குடும்பத்தோடு பேசி முடிவு செய்யுங்கள்.

உள்ளத்தின் அமைப்பை ஆள்வோர் கற்றுவிட்டனர். ஆளப்படுவோரும் அதனைக் கற்றாலன்றி விடுதலை இல்லை. நம் பூட்டுக்குரிய திறவுகோல் நம் இடுப்பிலேயே இருக்கட்டும்!