ஒரு முற்றத்தில் இரண்டு கொடிகள்
(விழாவில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாகூர் கொம்யூனைச் சேர்ந்த குருவிநத்தம் பெரிய ஊர் அன்று. ஆயினும் 2008-ஆம் ஆண்டுத் தொகுதி மறுசீரமைப்புக்கு முன்னர் அதன் பெயரிலேயே ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. புதுவைச் சட்டமன்றத்துக்கு மக்கள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர் 30 பேர். ஒரு தொகுதியின் வாக்காளர் சில பத்தாயிரவரே. பெரிய மாநிலங்களில் வேட்பாளர் சுவரொட்டியில் காணும் முகம். புதுவைக் கிராமங்களில் அவர் பெண் எடுத்த வீட்டார், அல்லது அடுத்த தெருவினர். உள்ளாட்சித் தேர்தல் இன்னும் நெருக்கம். 1968-க்குப் பின் 38 ஆண்டுகள் கழித்து, 2006-இல்தான் புதுவையில் அத்தேர்தல் நடைபெற்றது. வார்டு அளவில் போட்டி என்றால் பங்காளியும் பங்காளியும் எதிரெதிரே நிற்பது வியப்பன்று. ஒரு வீட்டின் ஆறு வாக்குகளையும் விரல்விட்டு எண்ணுகிறவர் இருக்கும் ஊரில், அண்ணன் ஒரு கட்சி, தம்பி மறு கட்சி என்பது திண்ணைப் பேச்சோடு முடிவதில்லை.

இப்பிளவு இம்மண்ணுக்குப் புதியதும் அன்று. பிரெஞ்சு ஆட்சி நீடிக்க வேண்டும் என்றவரும் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றவரும் ஒரே குடும்பத்தில் உண்டு உறங்கிய காலம் ஒன்று இருந்தது. புதுவையின் கொம்யூன்கள் தென்னார்க்காட்டு ஊர்களோடு பின்னிக் கிடப்பவை. கொண்டு கொடுத்த உறவுகள் எல்லைக்கு இருபுறமும் இருந்தன. எல்லையில் சுங்கமும் அனுமதிச் சீட்டும் வந்தபோது, அரசியல் மாமியார் வீட்டுக்குப் போகும் வழியிலேயே குறுக்கே நின்றது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தனர். இணைப்பை ஆதரித்தோர் 170, எதிர்த்தோர் 8. வரலாற்று நூல்கள் 170-ஐப் போற்றிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அந்த எண்மரும் அன்று மாலை வீடு திரும்பி, மாற்றுக் கருத்துடைய உறவினரோடு அதே ஊரில்தான் வாழவேண்டியிருந்தது.

அதனினும் ஆழமான பிளவு 1962-இல் நேர்ந்தது. ஆகஸ்டு 16-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும், இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தோர் இந்தியக் குடிமக்களாயினர். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்போர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் எனப்பட்டது. மணமாகாத, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்குத் தந்தையின் முடிவே முடிவு. உடன்பிறந்த இருவரில் ஒருவர் பிரெஞ்சுக்காரர், மற்றவர் இந்தியர் என்று ஆகும் வழி ஒரு தாளில் இருந்தது. கட்சியை அடுத்த தேர்தலில் மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கையெழுத்தை அவ்வளவு எளிதாக மாற்ற இயலாது. அத்தகைய குடும்பங்களிலும் திருமணங்கள் நடந்தன, காரியங்கள் நடந்தன, சொத்துகள் பிரிந்தன. யாரோ ஓர் அத்தையோ தாய்மாமனோ நடுவில் இருந்து பேசியிருத்தல் வேண்டும். அவர்கள் பெயர் எந்த ஆவணத்திலும் ஏறவில்லை.

இன்று அந்தப் பணிக்குச் சமரசர் என்று பெயர் உண்டு. சென்னை உயர்நீதிமன்றத்தில் 2005-இல் சமரச மையம் தொடங்கப்பெற்றது. 2023-ஆம் ஆண்டுச் சமரசச் சட்டம் ஒரு படி மேலே சென்று, ஒரு பகுதியில் வாழும் குடும்பங்களின் அமைதியைக் குலைக்கக்கூடிய பிணக்குகளை, இருதரப்பும் முன்னரே இசைந்தால், மூவர் கொண்ட சமூகச் சமரசக் குழு தீர்த்துவைக்கலாம் என்கிறது. அவ்வாறு எழுதப்படும் உடன்பாட்டை நீதிமன்றத் தீர்ப்பைப் போல நிறைவேற்றக் கோர முடியாது என்பதையும் அச்சட்டமே சொல்லிவிடுகிறது. இதைக் குறை என்பர் சிலர். குடும்பப் பிணக்கில் அதுவே பொருத்தம்: மனம் இசையாத உறவை அமீனா கொண்டு வந்து சேர்க்க முடியாது.

சமரசர் முதலில் தன்னைச் சோதித்துக்கொள்ளல் வேண்டும். சிற்றூரில் கட்சிச் சார்பு இல்லாதவர் அரியர். இல்லாதவர் போல் நடிப்பவர் பலர். தன் சார்பைத் தொடக்கத்திலேயே இருவரிடமும் சொல்லி, "வேண்டாம் எனில் வேறொருவரை அழையுங்கள்" என்று வழிவிடுபவரே நம்பப்படுவார். அடுத்து, ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டல் வேண்டும். கேட்டது மற்றவர் செவிக்குப் போகக்கூடாது. குறிப்பாக மருமகளைத் தனியே கேட்பது இன்றியமையாதது. 'இந்த வீட்டு ஓட்டு எல்லாம் ஒன்றுக்கே' என்று மாமனார் பெருமை பேசும் வீட்டில், அவளுடைய வாக்கு இரகசியமானது என்பதை அவளுக்கு எவரும் சொல்லியிருக்கமாட்டார். மிரட்டலோ கைநீட்டலோ இருப்பதாகத் தெரிந்தால் அங்கே சமரசத்துக்கு இடமில்லை, சட்டத்தையே நாடவேண்டும்.

அநேகாந்தத்தை அறிந்த குலத்தில் பிறந்தோர்க்கு இப்பணி இயல்பாக வரும் என்று சொல்வதுண்டு. ஓரளவே உண்மை. ஒவ்வொரு நயமும் பொருளின் ஒரு கூற்றைக் காண்கிறது என்றனர் ஆசாரியர்கள். எல்லாக் கூற்றும் சமம் என்றோ பொய்யும் ஒரு நயம் என்றோ அவர்கள் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு கட்டுக்கதையை, 'அதுவும் ஒரு பார்வை' என்று தலையசைக்கும் சமரசர் அநேகாந்தத்தையும் கெடுக்கிறார், சமரசத்தையும் கெடுக்கிறார். அச்செய்தியை அனுப்பியவர் எதற்கு அஞ்சி அனுப்பினார் என்று வினவுவதே நயமறிந்தார் செயல். உரக் கடனா, மகனின் வேலையா, இழந்த மதிப்பா என்பது அப்போதுதான் வெளிவரும்.

எண்ணிப் பார்க்க ஒரு வீடு. தந்தை மறைந்தார், தாய் பழைய வீட்டில் இருக்கிறார். ஒரே மோட்டாரில் இரு சகோதரரும் கரும்புக்கும் நெல்லுக்கும் நீர் பாய்ச்சுகின்றனர். தம்பி மகளின் திருமணப் பத்திரிகையில் அவருடைய கட்சித் தலைவர் பெயர் ஏறுகிறது. பெரியப்பாவான அண்ணனின் பெயர் அதன் கீழே சிறிய எழுத்தில் வருகிறது. அண்ணன் திருமணத்துக்குப் போகவில்லை. அடுத்த மாதம் மோட்டார் அறைக்கு அவர் பூட்டுப் போடுகிறார். ஊரார் இதைக் கட்சிச் சண்டை என்பர். தனியே உட்காரவைத்துக் கேட்கும் தாய்மாமனிடம் அண்ணன் கட்சியைப் பற்றி இரண்டு சொல்லும், பத்திரிகையைப் பற்றி இரண்டு மணி நேரமும் பேசுவார். தம்பியோ பாகப்பிரிவினையில் கிணற்றுப்பக்க நிலம் யாருக்குப் போயிற்று என்பதில் தொடங்குவார்.

இவ்விடத்தில் கொள்கை விவாதம் நடத்துவது வீண். எழுதத்தக்கவை சிறியவை. தாய் இருக்கும் வீட்டு மாடியில் எந்தக் கொடியும் கட்டுவதில்லை. அவரவர் வீட்டில் அவரவர் விருப்பம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நல்லது கெட்டதுச் செய்தி மட்டும். இனி வரும் பத்திரிகைகளில் பெரியப்பா, சித்தப்பா பெயர்களுக்குப் பின்னரே பிறர் பெயர். மோட்டார் முறை ஒருநாள் விட்டு ஒருநாள், சாவி தாயிடம். தாயின் மருத்துவச் செலவுக் கணக்கைத் தங்கை எழுதி, மாதம் ஒருமுறை இருவருக்கும் காட்டுவாள். இருவரும் ஒப்பமிட, தாய்மாமன் சாட்சி.

எவர் எந்தச் சின்னத்துக்கு வாக்களிப்பது என்பது அந்தத் தாளில் எங்கும் இல்லை.