நஷ்டப்படத் தெரிந்த வியாபாரி



தமிழ்நாட்டில் ஓரளவு பெரிய ஊர் எதுவானாலும் கடைத்தெருவில் ஒரு கதர்க்கடை இருக்கும். வாசல் பலகையில் சர்வோதய சங்கம் என்று எழுதியிருக்கும். துண்டு, ஜமக்காளம், தேன், காந்தி ஜயந்தித் தள்ளுபடி, இவற்றோடுதான் அந்தப் பெயர் நம் மனதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சர்வோதயம் என்பது ஓர் ஆங்கிலப் புத்தகத்தின் சுருக்கத்துக்குக் காந்தி வைத்த தலைப்பு. அந்தப் புத்தகம் பேசுவது பணத்தைப் பற்றி, வியாபாரத்தைப் பற்றி. அதன் வேர் இருப்பதோ பைபிளில். இன்று அந்தப் புத்தகத்தையும், அதைப் படித்தவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டதையும் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

பணத்தைப் பற்றிய புத்தகங்களுக்கு இன்று குறைவில்லை. புத்தகக் கண்காட்சிக்குப் போனால் அந்த அடுக்குகளின் முன்னால் இளைஞர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதைக் குறைசொல்ல மாட்டேன். அமெரிக்கர் ஜார்ஜ் கிளேசன் 1926-இல் எழுதிய பாபிலோன் பணக்காரன் கதை, சம்பாதிப்பதில் பத்தில் ஒரு பங்கை முதலில் எடுத்து வை என்று சொல்கிறது. என்னைச் சேமிக்க வைத்தது அந்தப் புத்தகம்தான். ஆனால் இந்த வகைப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றே: எப்படிச் சேர்ப்பது? இதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்ட புத்தகம் ஒன்று இருக்கிறது. ஒரு வியாபாரி எதற்காக இழக்கத் தயாராக இருக்க வேண்டும் என்று அது கேட்டது.

முதலில் அந்த பைபிள் கதை. மத்தேயு எழுதிய சுவிசேஷத்தில் இயேசு சொல்வது. திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் போய் ஆள் கூப்பிடுகிறார். நாள் கூலி ஒரு பணம் என்று பேச்சு. பிறகு ஒன்பது மணி வாக்கில் போகிறார், உச்சிப்பொழுதில் போகிறார், சாயங்காலம் வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதும் போகிறார். அப்போதும் சந்தையில் சிலர் நிற்கிறார்கள். ஏன் நிற்கிறீர்கள் என்றால், எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்களையும் அழைத்துக்கொள்கிறார். பொழுது சாய்ந்ததும் எல்லோருக்கும் ஒரே கூலி. நாளெல்லாம் வெயிலில் வெந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். உங்களுக்குப் பேசிய கூலியில் நான் குறைக்கவில்லையே, கடைசியில் வந்தவனுக்கும் அதையே கொடுப்பது என் விருப்பம் என்கிறார் தோட்டக்காரர்.

கூலிக்குப் போனவர்களுக்கு இந்தக் கதையில் வரும் சந்தை நன்றாகத் தெரியும். காலையில் தூக்குவாளியோடு முச்சந்தியில் நிற்பவர்களில் மேஸ்திரி யாரைக் கைகாட்டுகிறாரோ அவர்களுக்கு அன்று அடுப்பு எரியும். மற்றவர்கள் பத்து மணி வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். அவர்கள் வீட்டிலும் ராத்திரி பசிக்கும், முழு நாள் பசி.

கடைசியில் வந்தவனைப் பற்றிய அந்த வார்த்தையைத்தான் ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் தன் நூலுக்குத் தலைப்பாக்கினார். தமிழில் அதைக் கடையனுக்கும் கதிமோட்சம் என்று சொல்வதுண்டு. ரஸ்கின் பொருளாதாரம் படித்தவரல்லர், ஓவியத்தையும் கட்டடக்கலையையும் பற்றி எழுதிப் பெயர் வாங்கியவர். அவருடைய அப்பா லண்டனில் ஒயின் வியாபாரி. பின்னாளில் அப்பாவின் கல்லறையில், முழுக்க நேர்மையான வியாபாரி என்று பொறித்து வைத்த மகன் அவர். அவர் எழுதிய வரிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்லறை ஞாபகம் வரும்.

1860-இல், நாவலாசிரியர் தாக்கரே ஆசிரியராக இருந்த கார்ன்ஹில் இதழில் ரஸ்கின் இந்தக் கட்டுரைகளைத் தொடங்கினார். வாசகர்களுக்கு வந்த கோபத்தில் நான்கோடு நிறுத்த வேண்டியதாயிற்று. 1862-இல் புத்தகமாக வந்தபோதும் வாங்க அதிகம் பேரில்லை.

அப்படி என்ன எழுதிவிட்டார்? சிப்பாய்க்கு ஊர் ஏன் மரியாதை செய்கிறது என்று கேட்டார். சிப்பாயின் தொழில் கொல்வதாக இருக்கலாம். ஆனால் ஊரைக் காக்க வேண்டிய வேளையில் அவன் சாகத் தயாராக நிற்பான் என்று நமக்குத் தெரியும். கொள்ளைநோய் வந்தால் வைத்தியர் ஊரைவிட்டு ஓட மாட்டார் என்று நம்புகிறோம். இப்படி ஒவ்வொரு தொழிலுக்கும் உயிரைக் கொடுத்தாவது காக்க வேண்டிய ஒன்று உண்டு. வியாபாரிக்கு மட்டும் அப்படி ஒன்றை நாம் வைக்கவில்லை. அவன் தன்னலத்துக்காகத்தான் எல்லாம் செய்வான் என்று நாமே முடிவு கட்டிவிட்டோம், அதனால்தான் அவனுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை என்றார் ரஸ்கின்.

நாட்டுக்கு வேண்டிய பண்டத்தைத் தரமாகக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் வியாபாரியின் வேலை, லாபம் அதற்குக் கிடைக்கிற சம்பளம். டாக்டருக்கு ஃபீஸ் எப்படியோ அப்படி. ஃபீஸுக்காகவே வைத்தியம் செய்கிறவரை நல்ல டாக்டர் என்று யாராவது சொல்வார்களா? கெட்ட சரக்கை விற்பதைவிட நொடித்துப்போவது மேல் என்றும், கப்பல் மூழ்கும்போது கேப்டன் கடைசியில் இறங்குவது போல, தொழில் முடங்கும்போது முதலாளி தன் ஆட்களைவிட அதிகக் கஷ்டத்தைத் தான் தாங்க வேண்டும் என்றும் எழுதினார். தன்னிடம் வேலை பார்ப்பவனைத் தன் மகனே அந்த இடத்தில் இருந்தால் எப்படி நடத்துவோமோ அப்படி நடத்த வேண்டும். இதுதான் முதல் கட்டுரையின் சாரம். மற்ற மூன்றும் இதன் கிளைகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. கடைசிக் கட்டுரையில் ஒரு காட்சி மட்டும் மறக்க முடியாதது. உடைந்த கப்பலில் ஒருவன் தன் தங்கத்தையெல்லாம் இடுப்பில் கட்டிக்கொண்டு கடலின் அடியாழத்துக்குப் போய்விடுகிறான். அவன் தங்கத்தை வைத்திருந்தானா, தங்கம் அவனை வைத்திருந்ததா என்கிறார்.

இங்கே என் வீட்டு விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். சின்னதாக மளிகைக் கடை வைத்திருந்த என் அப்பாவும் புதுக் கணக்கு நோட்டில் பிள்ளையார் சுழி போட்டு, அதற்குக் கீழே லாபம் என்று எழுதி, மஞ்சள் தடவித்தான் வரவு வைப்பார். சாமியும் லாபமும் ஒரே பக்கத்தில் இருந்தன. பருப்பு விலை திடீரென்று ஏறிய ஒரு வருஷம், கையிலிருந்த பழைய மூட்டைகளை அவர் பழைய விலைக்கே விற்றுத் தீர்த்தார். வாங்கின விலைக்கு மேல் எனக்கு நியாயமாக வரவேண்டியது வந்துவிட்டது என்பது அவர் கணக்கு. பிழைக்கத் தெரியாத மனுஷன் என்றார்கள் தெருவில். அது வசவா, பாராட்டா என்று அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. ரஸ்கினைப் படித்த அன்று அப்பாவின் நோட்டுதான் கண்ணுக்குள் நின்றது. நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற ஒன்றை எழுப்பிவிடுகிற புத்தகத்தைத்தான் நாம் விட மாட்டோம் போலிருக்கிறது.

காந்திக்கும் அப்படித்தான் நடந்தது.

1904. ஜோகன்னஸ்பர்க்கில் அவர் நல்ல வருமானமுள்ள வக்கீல். டர்பனில் அச்சாகும் இந்தியன் ஒப்பீனியன் வாரப் பத்திரிகை அவர் பொறுப்பில் நடந்தது. ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நான்கு மொழியில் தொடங்கிய பத்திரிகை. அது அவருடைய சேமிப்பைத் தின்றுகொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் மாதம் 75 பவுண்டு அனுப்ப வேண்டியிருந்தது. அச்சகத்தைக் கவனிக்கப் போன நண்பர் ஆல்பர்ட் வெஸ்ட், லாபம் இல்லை, நஷ்டம்தான் என்று எழுதிவிட்டார். அதைச் சரிசெய்ய டர்பனுக்கு ரயில் ஏறினார் காந்தி. வழியனுப்ப வந்த நண்பர் ஹென்றி போலக், வழியில் படியுங்கள் என்று ரஸ்கின் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். 24 மணி நேரப் பயணம். எடுத்த புத்தகத்தை அவரால் கீழே வைக்க முடியவில்லை. டர்பனில் இறங்கிய அன்று ராத்திரி தூக்கமும் வரவில்லை.

நஷ்டக் கணக்கைப் பார்க்கப் போன மனிதர் அவர் என்பதைக் கவனியுங்கள். அந்தக் கவலையோடு படித்ததால்தான் புத்தகம் அவ்வளவு ஆழமாக இறங்கியது என்பது என் எண்ணம்.

அதிலிருந்து தனக்குக் கிடைத்த பாடங்கள் மூன்று என்று சுயசரிதையில் சொல்கிறார். எல்லோருடைய நன்மையில்தான் ஒருவனுடைய நன்மையும் அடங்கியிருக்கிறது என்பது முதலாவது. வக்கீலின் உழைப்புக்கும் நாவிதரின் உழைப்புக்கும் மதிப்பு ஒன்றே என்பது இரண்டாவது. உழவரும் கைத்தொழில் செய்பவரும் வாழ்கிற உழைப்பு வாழ்க்கையே வாழத் தகுந்தது என்பது மூன்றாவது. முதலாவது தனக்கு முன்பே தெரியும், இரண்டாவது மங்கலாகத் தெரியும், மூன்றாவது தோன்றியதே இல்லை என்று பிரித்தும் சொல்கிறார். ஒரு வாசகர் தன்னை இவ்வளவு நேர்மையாகக் கணக்கெடுத்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதில் இன்னொன்றும் உண்டு. ரஸ்கின் சமத்துவம் பேசியவரல்லர். முதலாளி முதலாளியாகவே இருக்கட்டும், ஆனால் தகப்பனைப் போல நடந்துகொள்ளட்டும் என்றவர். காந்தி ஒரு படி மேலே போனார். எல்லோருக்கும் ஒரே சம்பளம் என்ற இடத்துக்கு வந்தார். எழுதியவர் நிறுத்திய இடத்தைத் தாண்டிப் போய்விட்டார் வாசகர். ஆனால் இயேசு சொன்ன அந்தத் திராட்சைத் தோட்டத்துக்கு எழுதியவரைவிட வாசகரே நெருங்கி வந்துவிட்டார் என்று நான் நினைக்கிறேன்.

டர்பனில் விடிந்ததும் காந்தி வெஸ்டிடம் பேசினார். அச்சகத்தை ஒரு பண்ணைக்கு மாற்றுவது, எல்லோரும் உடலுழைப்புச் செய்வது, நிறமோ நாடோ பார்க்காமல் ஆளுக்கு மாதம் 3 பவுண்டு. வெஸ்ட் சம்மதித்தார். உறவினர் சகன்லால் சம்மதித்தார். அச்சகத்தில் மெஷின் ஓட்டிய கோவிந்தசாமியும் சேர்ந்துகொண்டார். மற்றவர்கள் திட்டத்தில் சேரவில்லை, அச்சகம் எங்கே போனாலும் வேலைக்கு வருகிறோம் என்றார்கள். டர்பனிலிருந்து 14 மைலில், ஃபீனிக்ஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மொத்தம் 100 ஏக்கர், 1000 பவுண்டுக்கு வாங்கினார். ஒரு ஊற்று, கொஞ்சம் ஆரஞ்சு, மாமரங்கள், நிறையப் பாம்பு. நண்பர் பார்சி ருஸ்தம்ஜி தன் பழைய கிடங்கின் தகரத் தகடுகளைக் கொடுத்தார்.

அங்கிருந்து பத்திரிகை வரவேண்டிய முதல் ராத்திரி எண்ணெய் எஞ்சின் ஓடவில்லை. கையால் சுற்றும் சக்கரம் ஒன்றை முன்யோசனையாக வைத்திருந்தார்கள். ஒரே நேரத்தில் நாலு பேர் பிடித்துச் சுற்ற வேண்டும். ஆட்கள் ஓய்ந்துபோயிருந்தார்கள். கொட்டகை போட வந்த தச்சர்கள் அங்கேயே படுத்திருந்தார்கள். காந்தி அவர்களை எழுப்பிக் கைகொடுக்கக் கேட்டார். வெஸ்ட் ஒரு கீர்த்தனையைப் பாட, காந்தி தச்சர்களோடு சேர்ந்து சக்கரம் சுற்ற, காலை வரை மாறி மாறி அச்சடித்தார்கள். விடிந்த பிறகு எஞ்சினைத் தட்டிப் பார்த்தால் ஓடியது. பின்னால் ஒரு காலத்தில் எஞ்சினை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டுக் கையாலேயே அச்சடித்தார்கள். ஃபீனிக்ஸ் மனதளவில் மிக உயர்ந்து நின்ற நாட்கள் அவைதான் என்பது காந்தியின் எண்ணம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஃபீனிக்ஸில் அவரால் நிலையாகத் தங்க முடியவில்லை. ஜோகன்னஸ்பர்க்கில் வக்கீல் தொழில் காத்திருந்தது, அந்த வருமானம் இல்லாமல் பண்ணை நின்றிருக்காது. 3 பவுண்டு வாழ்க்கையை வக்கீல் ஃபீஸ் தாங்கியது. இது அந்த முயற்சியைச் சிறுமைப்படுத்துகிறது என்று நான் சொல்ல மாட்டேன். படித்ததை முழுசாகச் செய்ய முடியாதபோது முடிந்ததைச் செய்தார், செய்வதற்குப் பணமும் கொடுத்தார். 1908-இல் ரஸ்கினின் நூலைச் சுருக்கிக் குஜராத்தியில் எழுதியபோது சர்வோதயம் என்று பெயர் வைத்தார்.

அந்தச் சொல்லைச் சுமந்தவர்களில் நம் தஞ்சாவூர்க்காரர் ஒருவர். ஜே. சி. குமரப்பா, 1892-இல் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் தணிக்கைத் தொழில் கற்று, பம்பாயில் ஆடிட்டராக இருந்தவர். அமெரிக்காவில் பொருளாதாரம் படித்துவிட்டு 1929-இல் காந்தியின் சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் நூல் நூற்றுக்கொண்டிருந்த கிழவர்தான் காந்தி என்று முதலில் அவருக்குத் தெரியவில்லையாம். பிற்பாடு ஜபல்பூர் சிறையில் இரண்டு புத்தகம் எழுதினார். ஒன்று நிலைத்து நிற்கக்கூடிய பொருளாதாரத்தைப் பற்றியது, மற்றது இயேசுவின் சொல்லையும் செயலையும் பற்றியது. ஒரே சிறையில் இரண்டும். கொன்று தின்னும் புலியில் தொடங்கி, கைம்மாறு பாராமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை வரை படிப்படியாகப் பொருளாதாரத்தை வரிசைப்படுத்தியவர் அவர். கடைசியில் மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டியில் வந்து தங்கினார்.

1934 ஜனவரியில் பீகாரில் பெரிய பூகம்பம். நிவாரண நிதிக்குக் கணக்குப் பார்க்கும் பொறுப்பு குமரப்பாவுக்கு. காந்தி தன் பரிவாரத்தோடு அங்கே சுற்றுப்பயணம் வந்தார். அவர்களுடைய சாப்பாட்டுச் செலவையும் பெட்ரோலையும் நிவாரண நிதியிலிருந்து கொடுக்க முடியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார் குமரப்பா. அது வீடிழந்தவர்களுக்கென்று வந்த பணம். விஷயம் காந்தியிடம் போனது. அவர் காரணத்தைக் கேட்டார். குமரப்பா சொன்னார். சரி என்று ஏற்றுக்கொண்டு, தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள்.