கல்லில் தெரியும் காற்று

(குறுவள மையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கள் வடக்கனந்தல் கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. கோமுகி அணையைத் தாண்டினால் மலைதான். உயிரினத் தோற்றம் பாடம் நடத்தும் வாரத்தில் பிள்ளைகள் ஆற்றங்கரைக் கற்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். "சார், இதில் எலும்பு இருக்குமா?" என்பது முதல் கேள்வி. அரியலூரில் டைனோசர் எச்சம் கிடைத்த செய்தியைப் படித்திருக்கிறார்கள், அதனால் நம் ஊரிலும் கிடைக்கும் என்று ஆசை.

கிடைக்காது. நம் மலைப்பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையானவை. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரி செல்சியஸுக்கும் மேலான வெப்பத்தில் வெந்து உருமாறியவை. அந்தச் சூளையில் எந்த எச்சமும் தப்பாது. ஆனால் அந்தக் காலத்துக் கடலும் காற்றும் எப்படி இருந்தன என்பதற்குச் சாட்சி பக்கத்திலேயே நிற்கிறது. அது சேலத்துக் கஞ்சமலை.

கஞ்சமலைக் கல்லில் கறுப்புப் பட்டையும் வெள்ளைப் பட்டையும் மாறி மாறி வரும். கறுப்பு மாக்னடைட், காந்தம் ஒட்டும். வெள்ளை குவார்ட்ஸ். இந்த இரும்பு ஒரு காலத்தில் கடல்நீரில் கரைந்திருந்தது. இன்றைய கடலில் அவ்வளவு இரும்பு கரையாது; ஆக்சிஜன் அதைத் துருவாக்கிப் படிய வைத்துவிடும். அப்படியானால் அன்றைய கடலில் ஆக்சிஜன் இல்லை என்றுதானே பொருள்? பிறகு சயனோபாக்டீரியா ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியிட்டது. வந்ததை எல்லாம் இரும்பும் எரிமலை வாயுக்களும் விழுங்கின. விழுங்கித் தீர்ந்த மிச்சம்தான் காற்றில் சேரத் தொடங்கியது. அது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு.

இதை வகுப்பில் செய்தே காட்டலாம். சோதனைக்குழாயின் அடியில் உப்புநீரில் நனைத்த இரும்பு நாரை அடைத்து, தண்ணீர்த் தட்டில் தலைகீழாக நிறுத்துங்கள். நாலைந்து நாளில் தண்ணீர் குழாயில் ஏறும், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வரை. இரும்பு தின்ற ஆக்சிஜனின் அளவு அது. நான் முதல் முறை பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நாரைப் போட்டுவிட்டு ஒரு வாரம் காத்திருந்தேன், அது துருப்பிடித்தால்தானே! லேத் பட்டறையில் விழும் இரும்புச் சுருளைக் கேட்டு வாங்குங்கள், சும்மாவே தருவார்கள்.

அடுத்து சித்திரகூடம். டேராடூன் வாடியா நிறுவனத்தின் ஆர்.ஜே. அஸ்மி 1998இல் விந்தியப் பாறைகளில் நுண்ணிய எச்சங்களைக் கண்டதாக எழுதினார். அவற்றின் வயது சுமார் 54 கோடி ஆண்டு என்று கருதினார். பாறையோ அதைவிட மிகப் பழையது என்று மற்றவர்கள் சொல்ல, எச்சமே உண்மைதானா என்ற சந்தேகம் எழுந்தது. ஸ்வீடனின் ஸ்டெஃபான் பெங்ட்ஸன் குழு மீண்டும் போய்ப் பார்த்தது. எச்சம் உண்மை, பாறையின் வயதும் உண்மை: 160 கோடி ஆண்டு! அவற்றில் சில சிவப்புப் பாசி போன்ற பல செல் உயிர்கள் என்று 2017இல் அறிவித்தார்கள். ஒன்றுக்கு அஸ்மியின் பெயரையே வைத்து 'ரஃபட்டாஸ்மியா' என்றார்கள்.

பல செல் உயிர் அவ்வளவு முன்பே வந்துவிட்டது என்றால், பெரிய உடல் விலங்குகள் வர இன்னும் 100 கோடி ஆண்டு ஏன் ஆயிற்று? அந்த நெடுங்காலம் ஆக்சிஜன் குறைவாகவே இருந்தது. பின்பு பூமி முழுவதையும் பனி மூடி, சுமார் 63.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அது விலகியது. அதற்குப் பிறகுதான் டிக்கின்சோனியா போன்ற தட்டையான, மெல்லுடல் விலங்குகளின் தடங்கள் தெரிகின்றன. ஆக்சிஜன் மட்டும்தான் காரணமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. பிள்ளைகளிடமும் அப்படியே சொல்லிவிடுங்கள்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2021இல் மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்கா குகைக் கூரையில் டிக்கின்சோனியா எச்சம் கிடைத்ததாக ஓர் ஆய்விதழில் வந்தது. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. படத்தை 9ஆம் வகுப்பில் காட்டினேன். மலையிலிருந்து வரும் மாணவன் ஒருவன், தேன் எடுக்கும் குடும்பம், பின்வரிசையிலிருந்து, "தேனடை விழுந்த தடம் மாதிரி இருக்கு சார்" என்றான். வகுப்பு சிரித்தது. "விஞ்ஞானிகளுக்குத் தெரியாதாடா? உட்கார்" என்றேன்.

ஜோசப் மீர்ட் என்ற புவியியலாளரின் குழு அங்கே போய்ப் பார்த்து, கண்டதை 2023இல் வெளியிட்டது. பாறையில் அது உதிர்ந்துகொண்டிருந்தது, மெழுகு. பெரிய பாறைத்தேனீக்கள் கட்டிய கூட்டின் எச்சம். முதலில் எச்சம் என்று எழுதிய கிரெகரி ரிடாலக்கும் தம் தவறை ஒப்புக்கொண்டார். அதை விலங்கின் எச்சம் என்று கொண்டால் அந்தப் பாறையின் வயதே 55 கோடி ஆண்டாகக் குறைந்திருக்கும். இப்போது 100 கோடி ஆண்டு என்ற கணக்கு நிற்கிறது.

அந்த மாணவன் அப்போது பிளஸ் ஒன். கச்சிராயபாளையம் பேருந்துக்காக நின்றவனைக் கூப்பிட்டு, புதிய செய்தியை கைப்பேசியில் காட்டினேன். "நீ சொன்னதுதாம்பா சரி. அன்னைக்கு உன்னை உட்கார வெச்சது என் தப்பு" என்றேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"இது பழைய கூடு சார். ஈ போயி ரொம்ப நாளாயிருக்கும்" என்றான். பேருந்து வந்துவிட்டது.