தானே ஆறும் காரை



ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலையொன்றில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர், சென்ற கோடையில் இரண்டு கான்கிரீட் தொட்டிகளை எனக்குக் காட்டினார். கட்டியவர் ஒரே கொத்தனார், சிமிட்டியும் ஒன்றே. நல்ல தண்ணீர்த் தொட்டியில் மயிரிழை போன்ற கீறல், வெண்மை படிந்து தானே அடைபட்டிருந்தது. உப்பிட்ட தோல்களை ஊறவைக்கும் தொட்டியிலோ, சற்று அகன்ற கீறலில் துருக்கறை வழிந்திருந்தது. "ஐயா, அது ஆறிவிட்டது, இது ஏன் ஆறவில்லை?" என்று வினவினார்.

கான்கிரீட்டில் உள்ள சுண்ணாம்பு, கீறலிற் கசியும் நீரிற் கரைந்து, கரியமில வாயுவோடு கூடிச் சுண்ணக்கல்லாகப் படிகிறது. நம் முன்னோர் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புக் காரையும் இவ்வாறே சிறு கீறல்களை அடைத்துக்கொண்டது. தோல் பதனிட உதவும் அதே கடுக்காய்தான் அது! ஆயினும், இவ்வியற்கை வைத்தியம் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அகலத்துக்கு மேல் பலிப்பது அரிது. அகன்ற கீறலில் உப்புநீர் புகுந்தால் உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருவேறிப் பருக்கும். பருத்த துரு கான்கிரீட்டையே பிளக்கும்.

இக்குறையைப் போக்க, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹெங்க் யோங்கர்ஸ் என்னும் அறிஞர் நுண்ணுயிர்களைத் துணைக்கழைத்தார். உறங்கும் நுண்ணுயிர்களும் அவற்றுக்கான உணவும் சுட்ட களிமண் உருண்டைகளில் அடைக்கப்பட்டுக் கலவையிற் சேர்க்கப்படும். கீறலில் நீர் புகுந்ததும் அவை விழித்து, உணவுண்டு, சுண்ணக்கல்லை உண்டாக்கும். 2011இல் வெளியான ஆய்வில், நீரில் 100 நாட்கள் வைத்தபின் 0.46 மில்லிமீட்டர் வரையிலான கீறல்கள் அடைபட்டன. நுண்ணுயிர் இல்லாத கான்கிரீட்டில் 0.18 வரையே அடைபட்டன.

ஆனால், களிமண் உருண்டை கருங்கல் ஜல்லியைவிட மென்மையானது. அது மிகுந்தால் கான்கிரீட்டின் வலிமை குறையும். ஆகவே, வலிமை குன்றாமல் நுண்ணுயிரைக் காக்கும் உறைகளை ஆய்வாளர் தேடுகின்றனர். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து விக்டர் லீ வேறு வழி கண்டார்: நுண்ணிய இழைகளைக் கலந்து, கீறல்களை 0.06 மில்லிமீட்டர் அளவுக்குள் அடக்கினார். சிறு கீறல் தானே ஆறிவிடுமன்றோ?

வலிமை வேறு, நீடித்துழைத்தல் வேறு என்பதை மறவாதீர்கள். பெருஞ்சுமை தாங்கும் தொட்டியும் கசியலாம். அக்கசிவு நிலத்தையும் கிணற்றையும் கெடுக்கும். இப்பகுதித் தோல் ஆலைகளின் கழிவால் பாலாற்றுப் படுகை கெட்டதைக் குறித்து உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்ததை நாமறிவோம்.

மாணவரிடம் நான் கூறினேன்: "தம்பி, தொட்டியைக் காலிசெய்து, துருவை அகற்றிச் செப்பனிட்ட பின்னரே நிரப்புங்கள். அடுத்த தொட்டிக்கு அளவாக நீர் விட்டுக் கலந்து, நன்றாகக் குத்தி இறுக்கி, குறைந்தது 7 நாட்கள் ஈரம் காயாமல் காத்திடுங்கள்."

தானே ஆறும் காரைக்கும் முதல் மருந்து கட்டுபவரின் கவனமே.