ஒரு முழம் பூ

(சேரித் தெருவில் நடந்த மகளிர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னையப் பேசக் கூப்பிட்டப்ப தலைப்பு எதுவும் குடுக்கல. ஆனா போன கூட்டத்துல நடந்த ஒரு விசயத்தைச் சொன்னாங்க. நம்ம பிள்ளைக நாலஞ்சு பேரு எந்திரிச்சு, ‘எல்லாருமாச் சேந்து வேன் பிடிச்சு ஒருநாள் வைகை அணைக்குப் போயிட்டு வருவோம்’னு கேட்டிருக்காக. அதுக்கு மூத்த தோழர் ஒருத்தர், ‘நாம இயக்கம் நடத்துறோமா, இன்பச் சுற்றுலா நடத்துறோமா?’ன்னு கேட்டுட்டாராம். பிள்ளைக தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்துட்டாக. அந்தத் தோழர் மேல எனக்கு நிறைய மரியாதை உண்டு. சுடுகாட்டுப் பாதைக்காகச் சிறைக்குப் போனவர். ஆனாலும் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம விடக்கூடாது. இன்னைக்கு அதைத்தான் பேசப் போறேன்.

முதல்ல பூவை எடுத்துக்குவோம்.

1930 டிசம்பர் மாசம் இராமநாதபுரம் பகுதியில ஆதிக்கச் சாதியார் கூடி, ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடை போட்டாங்க. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தின ஹட்டன்ங்கிற வெள்ளைக்கார அதிகாரி, இந்தியச் சாதிகளைப் பத்தித் தான் எழுதின நூல்ல அதை அப்படியே பதிவு பண்ணி வச்சிருக்கார். தங்கம் வெள்ளி நகை போடக்கூடாது. ஆம்பளைக சட்டை பனியன் போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழ வேட்டி இறங்கக்கூடாது, கிராப்பு வெட்டக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. வீட்டுல மண்சட்டி தவிர வேற ஏனம் புழங்கக்கூடாது. பொம்பளைக ரவிக்கையோ தாவணியோ போட்டு மாரை மறைக்கக்கூடாது. அந்தப் பட்டியல்லதான் இதுவும் இருக்கு: பொம்பளைக தலையில பூ வைக்கக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நம்ம பொம்பளை ஒரு முழம் பூ வச்சா அவனுக்கு என்ன நட்டம்? நிலம் குறையுமா? கூலி கூடிருமா? ஒண்ணும் கிடையாது. பிறகு ஏன் தடை? வேலை பாக்குற உடம்பு வேலைக்கு மட்டும்தான் இருக்கணும். அது தன்னைத்தானே அழகு பாத்துக்கக்கூடாது. அழகு பாத்துக்கிட்டா, தனக்கும் ஒரு மதிப்பு இருக்குன்னு அதுக்குத் தெரிஞ்சுபோயிரும். அந்தப் பயந்தான். நம்ம சந்தோசத்தோட அரசியல் என்னன்னு நமக்கு முன்னாடி அவனுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு.

எங்க அம்மா மல்லிகைத் தோட்டத்துல பூ பறிச்சவ. விடியறதுக்கு முன்னாடி போயிரணும். மொட்டாப் பறிக்கணும், விரிஞ்சுட்டா விலை போகாது. பறிச்சதை எடை போட்டுக் கூலி குடுப்பாங்க. இடுப்புல கட்டின துணியில பூவைச் சுமந்தவ, அதுல ஒரு மொட்டைத் தன் தலையில வச்சு நான் பாத்ததில்ல. அம்மா வச்சதெல்லாம் கனகாம்பரமும் டிசம்பர் பூவுந்தான். பாத்திரம் விளக்குற தண்ணி ஓடுற இடத்துல ரெண்டு செடி நட்டு வச்சிருந்தா. டிசம்பர் பூவுக்கு வாசமில்ல, சந்தையில மதிப்புமில்ல. ஆனா அது எங்க செடி, எங்க பூ. வாழைநார்ல கட்டி, எனக்கும் அக்காவுக்கும் வச்சுவிட்டு, மிச்சத்தைத் தான் வச்சுக்கிட்டுத்தான் படத்துக்குக் கிளம்புவா.

டெண்டுக் கொட்டகையை இங்க இருக்கிற வயசானவங்களுக்கு நினைவிருக்கும். சாயங்காலம் ஒலிபெருக்கியில பாட்டுப் போட்டா வயக்காட்டுல இருக்கிறவளுக்குக் கை பரபரக்கும். எங்களுக்குத் தரை டிக்கெட்டு. மணலைக் குவிச்சு மேடு கட்டி உக்காருவோம். விளக்கு அணைஞ்சதும் யாரு எந்தத் தெருன்னு தெரியாது. எல்லாரும் ஒரே இடத்துல சிரிப்பாங்க, ஒரே இடத்துல அழுவாங்க. இடைவேளையில விளக்கு எரிஞ்சதும் டீக்கடையில நம்ம டம்ளர் தனியாத் தொங்கும். ஆனாலும் அந்த இருட்டுல கிடைச்ச ரெண்டு மணி நேரத்தை யாரும் எங்ககிட்ட இருந்து பிடுங்கிக்கிற முடியல.

‘மதுரை வீரன்’ 1956இல் வந்த படம். நான் பிறக்கறதுக்கு முன்னாடி வந்தது. ஆனா எங்க ஊர்க் கொட்டகைக்குத் திரும்பத் திரும்ப வரும். நம்ம குலசாமிப் படம்னு எங்க தெருவே திரண்டு போகும். எம்.ஜி.ஆர். வீரனா வருவார். அவரை எடுத்து வளக்கிற சக்கிலியத் தம்பதியா என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் நடிச்சிருப்பாங்க. படத்துல வீரன் அரண்மனையில பிறந்த பிள்ளை, நம்ம குடிசையில வளந்தவன். படம் முடிஞ்சு வரப்புல நடந்து வர்றப்ப அம்மா சொன்னா: ‘நம்ம வயித்துல பிறந்தான்னு சொன்னா அவனை வீரன்னு ஒத்துக்க மாட்டாய்ங்க போல.’ எழுதப் படிக்கத் தெரியாதவ அவ. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுறவங்க சொல்றதை, பொரி தின்னுக்கிட்டே சொல்லிப்புட்டா. அதுக்காக அந்தப் படத்தை அவ வெறுக்கவும் இல்ல. அடுத்த தடவை வந்தப்பவும் போனா. ரசிக்கவும் தெரிஞ்சது, கேள்வி கேக்கவும் தெரிஞ்சது. இது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரின்னு நமக்கு யார் சொல்லிக் குடுத்தது?

இப்ப சுற்றுலாவுக்கு வர்றேன். அண்ணல் அம்பேத்கர் தலைமையில வரைவு எழுதப்பட்டு 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்துல 15ஆவது பிரிவை எடுத்துப் பாருங்க. கடை, உணவு விடுதி, கிணறு, குளம், குளிக்கிற துறை, சாலை எல்லாத்தையும் சொல்லி, அதோட பொதுக் கேளிக்கை இடங்களையும் பொதுமக்கள் கூடுற இடங்களையும் சேத்துச் சொல்லுது. சாதியைச் சொல்லி அங்க யாரையும் தடுக்கக்கூடாது. 1927இல் மகாத் குளத்துல இறங்கித் தண்ணி குடிச்ச மனுசனுக்கு, தண்ணி குடிக்கிற உரிமைக்குப் பக்கத்துலயே வேடிக்கை பாக்குற உரிமையும் இருக்கணும்னு தெரிஞ்சிருக்கு. வைகை அணை 1959இல் திறந்தது. அந்தப் பூங்காவுல நம்ம பிள்ளைக உக்காந்து கட்டுச்சோறு தின்னா, அதுவும் அந்தச் சட்டத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவர்றதுதான்.

இதுவரைக்கும் அவனைச் சொன்னேன். இனி நம்மளச் சொல்றேன். கோவிச்சுக்காதீங்க.

1981இல் எங்க அப்பா செத்துப்போனார். அம்மாவுக்கு அப்ப நாப்பது வயசுகூட நிறையல. பதினாறாம் நாள் அவ தலையில கடைசியாப் பூ வச்சு, அந்தப் பூவைப் பிடுங்கிப் போட்டாங்க. செஞ்சது யாரு? மேலத்தெருக்காரன் வரல. நம்ம அத்தைமாரு, சின்னம்மாமாருதான். அன்னையில இருந்து அம்மா பூ வைக்கல. படத்துக்குப் போகல. சித்திரைத் திருவிழாவுக்கு அழகரைப் பாக்கக்கூட எங்களைத்தான் அனுப்புவா. டிசம்பர் பூச்செடிக்குத் தண்ணி ஊத்துறதை மட்டும் அவ நிறுத்தல. கட்டிக் கட்டி எங்களுக்கு வச்சுவிட்டா. சாகுற வரைக்கும் அப்படித்தான். 1930இல் அவன் போட்ட தடையை எதிர்த்தோம்னு மேடையில பேசுறோம். அதே தடையை எங்கம்மாவுக்கு நம்ம தெருவே போட்டுச்சே, அதை எந்த மேடையில பேசுறது? அன்னைக்கு நானும் பேசாமத்தான் நின்னேன். அந்தக் குத்தம் என் மேலயும் இருக்கு.

அதனால தோழரே, இயக்கமா சுற்றுலாவான்னு நீங்க கேட்டதுக்கு என் பதில் இதுதான். வேன் பிடிப்போம். ஏறுற ஒவ்வொரு பொம்பளைக்கும் ஒரு முழம் பூ குடுப்போம். தாலி இருக்கா, புருசன் இருக்கானான்னு யாரும் கேக்கக்கூடாது. வைக்க விரும்புறவ வச்சுக்கட்டும். வயசான கையி நடுங்கினா நாம வச்சுவிடுவோம். திரும்பி வந்து ராத்திரி நம்ம படிப்பகச் சுவத்துல ஒரு பழைய படம் போடுவோம். நீங்களும் கட்டாயம் வரணும். முன் சீட்டு உங்களுக்குத்தான்.

பூ வாங்குற செலவு என்னோடது. எங்கம்மாவுக்கு நான் வச்சுவிடாத பூ அது.

ஜெய்பீம்.