நந்தனைப் பாடிய நாவலர்



தில்லைக் கூத்தப் பெருமானை நினைக்கும்போதே திருநாளைப்போவாராகிய நந்தனாரை நினைப்பதும், நந்தனாரை நினைக்கும்போதே கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனம் ஒன்றை நாவு முணுமுணுப்பதும் சிதம்பரம், கடலூர்ப் பக்கத்தாராகிய நமக்கு இயல்பாகிவிட்டன. அம்மகாவித்துவானின் சரித்திரத்தையும், அவர் நமக்கு வைத்துச் சென்ற செல்வத்தையும் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்த பாரதியார், மாயூரத்தில் கோவிந்த சிவம் என்னும் பெரியாரிடம் வேதாந்தம் பயின்று, திருவிடைமருதூரில் ராமதாஸ் என்ற ஹிந்துஸ்தானி வித்துவானிடம் இசை நுட்பங்களைக் கேட்டறிந்து, ஆனந்ததாண்டவபுரத்து அண்ணையர் என்னும் பிரபுவின் ஆதரவில் இருந்துகொண்டு, ஆயுள் முழுவதும் பிரமசாரியாகவே வாழ்ந்தார்.

பெரியபுராணத்தில் காணப்படாத ஒரு பாத்திரத்தை, நந்தனை ஆளாக வைத்திருக்கும் வேதியர் ஒருவரை, நந்தனார் சரித்திரத்தைப் பாடும் தம் கீர்த்தனை நூலில் பாரதியார் படைத்துக்கொண்டார். ஆதிரை நாளில் தில்லையைத் தரிசிக்க விடை கேட்கும் பண்ணையாளை நோக்கி, நாற்பது வேலி நிலத்துப் பயிரையும் அறுத்து முடித்துவிட்டுப் போகலாம் என்கிறார் அந்த ஆண்டை. ஓர் இரவிற்குள் இறையருளால் அறுவடை முடிந்து நெல் மலைபோல் குவிந்து கிடக்கக் காணும்போது அவருடைய கர்வம் அழிகிறது. இக்கட்டத்தைக் கேட்ட கழனி மக்கள், சிவபக்தியோடு தங்கள் முதுகின் நோவும் அதில் பேசப்படுவதை உணர்ந்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. பண்டிதர் மாத்திரம் அறிந்த உருவங்களோடு நில்லாமல், சிந்தும் கண்ணியுமாகப் பாமரர் வாயில் வழங்கிய மெட்டுகளையும் பாரதியார் இதற்காக எடுத்தாண்டார். பிறப்பால் ஒதுக்கப்பட்ட நந்தன் தில்லையின் எல்லையில் தயங்கி நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கும் இடத்தில், பைரவியின் சாயலை ஒட்டி மெல்ல நடக்கும் மாஞ்சி ராகத்தை அவர் அமைத்திருப்பதைக் கவனியுங்கள். அந்தத் தயக்கம் ராகத்தின் நடையிலேயே இருக்கிறது.

இந்நூலுக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாரதியார் பலமுறை சென்றதையும், இலக்கண வழுக்களைக் கண்டு தர மனமின்றியிருந்த பிள்ளையவர்கள் ஒருநாள் அவர் தமக்குள் உருகிப் பாடியதைக் கேட்டு நெஞ்சம் கரைந்து பாயிரம் அளித்ததையும் உ. வே. சாமிநாதையர் எழுதிவைத்திருக்கிறார். மாயூரத்தில் தம் மாணவப் பருவத்தில் பாரதியாரிடமே சிறிது காலம் சங்கீதம் கற்றவர் ஐயரவர்கள்.

ஏறக்குறைய அதே நூற்றாண்டில், கடல் கடந்த அமெரிக்க தேசத்தில், அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவரின் மகனாகப் பிறந்த ஸ்காட் ஜாப்லின் என்னும் கறுப்பின இசைவாணரும், பாமரர் மெட்டுகளைப் பாரதியார் எடுத்தாண்டது போன்ற ஒரு பணியையே செய்தார். இடது கை தாளம் பிறழாமல் நடக்க, வலது கை நம்மவர் அதீத, அநாகத எடுப்பு என்று சொல்வதைப்போலத் தட்டுக்கு முன்னும் பின்னுமாக விழும் 'ராக்டைம்' என்ற பியானோ இசையை, கேளிக்கை விடுதிகளிலிருந்து எடுத்து, 1899இல் வெளியான 'மேப்பிள் லீஃப் ராக்' முதலிய உருப்படிகளால் சாஸ்திரீய மதிப்புக்கு அவர் உயர்த்தினார். கல்வி கற்ற ஒரு கறுப்பினப் பெண் தன் ஜனங்களுக்குத் தலைமை ஏற்பதைச் சொல்லும் 'ட்ரீமனிஷா' என்ற இசை நாடகத்தை 1911இல் தம் கைப்பணத்தில் அச்சிட்டும், முழு அரங்கேற்றத்தைக் காணாமலே 1917இல் அவர் காலமானார். 1972இல்தான் அது அட்லாண்டா நகரில் மேடை ஏறியது.

பாரதியாருக்கு அந்தக் குறை நேரவில்லை. கதாகாலட்சேபக்காரர்கள் அவர் பாடல்களை ஊர்தோறும் கொண்டுசென்றனர்; 1935இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942இல் எம். எம். தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாராகவே தோன்றிப் பாடினர். அத்தேசிகர் பின்னர் நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக அமர்ந்ததும், 1941இல் தமிழிசை மாநாடு கூட்டிய அப்பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களைச் சுரக்குறிப்போடு தொகுதி தொகுதியாக வெளியிட்டதும் சிதம்பரத்துக்கு உரிய பெருமை.

எனினும், நந்தன் எல்லையில் நின்று கேட்ட கேள்விக்குச் சங்கீதம் மட்டும் விடையாகிவிடாது. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்காக நந்தனார் பெயரால் பள்ளிக்கூடம் தொடங்கியதே அதற்குக் கிடைத்த மெய்யான விடை. ஜாப்லின் தம் நாடகத்தில் கனவாகக் கண்டதைச் சகஜானந்தர் தில்லையில் காரியமாகச் செய்து காட்டினார். ஆகவே, பாரதியாரின் கீர்த்தனங்களைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களையும் பெற்றோர்களையும் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: ராகத்தையும் தாளத்தையும் சொல்லிக்கொடுக்கும்போதே, அப்பாட்டு யாருடைய துயரைப் பாடுகிறது என்பதையும், அத்துயரைத் துடைக்க இவ்வூரில் யார் உழைத்தார் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.