நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று பேச மறந்த இரண்டொரு விஷயங்களையும் சேர்த்திருக்கிறேன்.)



குடிதண்ணீர், தெருவிளக்கு, நாய்த் தொல்லை எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தே காலத்தைக் கழித்தவன் நான். மேடைப் பேச்சு பழக்கமில்லை. கணக்குச் சொல்வது மாதிரிதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். விடியும் முன்பே ஜீப்புகள் நிரம்பி முந்தல் பக்கம் போய்க்கொண்டிருக்கும். போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை என்று ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள். தூக்குவாளி, தலைத்துண்டு, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் சாக்கு. இறங்கி வீடு சேர இருட்டிவிடும். காய் எடுப்பு மும்முரமாக இருக்கும் மாதங்களில் இன்னும் தாமதம். இந்த ஊரின் ஏலக்காய் வியாபாரம் அவர்கள் கையில்தான் தொடங்குகிறது.

அவர்கள் பிள்ளைகள்? அங்கன்வாடி, நாம் இன்னும் பால்வாடி என்றே சொல்கிறோம், பிற்பகலோடு முடிந்துவிடும். பள்ளிக்கூடம் நாலு, நாலேகாலுக்கு விட்டுவிடும். அதற்குப் பிறகு ஏழு மணி வரை அந்தப் பிள்ளை யார் கணக்கில் வருகிறது? 1951-ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று சொன்னது. நல்ல சட்டம்தான். ஆனால் காப்பகம் மலைமேல், வேறு மாநிலத்தில். பிள்ளை கீழே போடியில். பெரும்பாலும் ஒரு பாட்டி இருப்பார். பாட்டி இல்லாத வீட்டில் ஆறாவது, ஏழாவது படிக்கும் அக்காதான் அம்மா. தம்பிக்குக் காய்ச்சல் என்றால் அக்காவுக்கு லீவு. பத்து நாள் லீவு போட்ட பிள்ளைக்குப் பதினோராவது நாள் பள்ளிக்கூடம் போக வெட்கம். பெண் படிப்பை நிறுத்துவது பாதிக்குமேல் இப்படித்தான் நடக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், தகுதி இல்லை, ஒரு கடன் இருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

1998 வாக்கில், இந்த வட்டாரத்தில் ஒரு கிளையில் இருந்தேன். ஒரு அம்மா ஏழாவது படிக்கும் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் பெயரில் ஒரு படிப்பு உதவித்தொகை காசோலை. கணக்குத் திறந்து அதில்தான் போட முடியும். "அப்பா எங்கே?" என்று கேட்டேன். தோட்டத்தில் விழுந்து, கேரள ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்றார். "அப்படியானால் இறப்புச் சான்றிதழ் வேண்டும்" என்றேன். நம் நகராட்சியில் போய்க் கேட்டிருக்கிறார். இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு, இங்கே கிடைக்காது என்று அனுப்பிவிட்டார்கள். திரும்ப வந்தார். "மேலே போய் வாங்கிட்டு வாங்கம்மா" என்றேன். எந்த அலுவலகம், யாரிடம் மனு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாம். எழுதவில்லை. வரிசை நீளமாக இருந்தது. மொத்தம் நாலு தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போச்சு. அப்போது காசோலைக்கு ஆறு மாத ஆயுள். கடைசியாக வந்தபோது அது காலாவதியாகியிருந்தது.

அடுத்த வருடம் அந்தப் பையனை ஜீப்பின் பின்னால் தொங்கிக்கொண்டு மலை ஏறுவதைப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்து சிரித்தான்.

பல வருடம் கழித்துப் பழைய சுற்றறிக்கைகளைப் புரட்டும்போதுதான் பார்த்தேன். தகப்பனார் உயிரோடு இருந்தாலும்கூட, தாயே காப்பாளராக இருந்து மைனர் பெயரில் சேமிப்புக் கணக்குத் திறக்க ரிசர்வ் வங்கி 1976 டிசம்பரிலேயே வழிவிட்டிருக்கிறது. அந்தச் சான்றிதழே தேவையில்லை. சுற்றறிக்கை எங்கள் பீரோவில்தான் இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், நமக்குத் திட்டம் இல்லாத குறை இல்லை. திட்டத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் போய்வர ஆள் இல்லை.

ஓர் உதாரணம். கணவனை இழந்த, கைவிடப்பட்ட தாயின் பிள்ளை, பெற்றோர் இல்லாமல் உறவினர் வீட்டில் வளரும் பிள்ளை, பெற்றோர் கடும் நோயில் கிடக்கும் பிள்ளை, இவர்களுக்கு மத்திய அரசின் மிஷன் வத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. குடும்ப வருமானம் கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. பிள்ளையை விடுதியில் சேர்க்காமல் வீட்டிலேயே வைத்து வளர்க்கத்தான் இந்தப் பணம். மனு கொடுக்க வேண்டியது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில். நமக்குத் தேனி. வருமானச் சான்று, இறப்புச் சான்று, ஆதார், பள்ளிச் சான்று, வங்கிக் கணக்கு. ஐந்து காகிதத்துக்கு ஐந்து நாள் என்றால் ஐந்து நாள் கூலி. நம்மில் ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர் இருக்கிறோம்! நமக்குக் கூலி போகாது. படிவம் பூர்த்தி செய்வதுதான் நம் வாழ்நாள் வேலையே.

அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022-இல் வந்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டில். இது பலருக்குத் தெரியும், விட்டுவிடுகிறேன்.

1098 என்ற எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்து, ஒன்பது, எட்டு என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1996-இல் மும்பையில் தெருவோரப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. இப்போது அரசே நடத்துகிறது. இரவு பகல் எந்நேரமும் இலவசம். அழைத்தவர் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். பதினாறு வயதுப் பெண்ணுக்குப் பரிசம் போடுகிறார்கள் என்று தெரிந்தால் கல்யாணத்தன்று கூப்பிடாதீர்கள், தெரிந்த அன்றே கூப்பிடுங்கள். பத்திரிகை அடித்து, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகு நிறுத்தினால் அந்தப் பெண்ணின் மேல்தான் வீட்டார் கோபம் முழுவதும் இறங்கும்.

இன்னொன்று, இது நமக்கே. போன வருடம் ஒரு சிறுமிக்கு நேர்ந்ததைப் பற்றி நம் வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு செய்தி வந்தது. அனுப்பியவர் நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினார். ஆனால் பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது. 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட உண்டு. சட்டத்தை விடுங்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு இதே தெருவில்தான் நடக்க வேண்டும்.

"நம் பிள்ளைகளுக்கு டியூஷன் இருக்கிறது, இதெல்லாம் நமக்கு எதற்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். நம் வீடுகளில் பாத்திரம் துலக்க வருகிறவர்கள், ஸ்டோரில் ஏலக்காய் பொறுக்குகிறவர்கள், இவர்கள் பிள்ளைகளும் இதே தெருக்களில்தான் வளர்கிறார்கள். தவிர, நம் பிள்ளைகள் எல்லாம் நன்றாக இருக்கிறார்களா? பத்தாவது ரிசல்ட் வந்த அன்று எத்தனை வீட்டில் கதவு சாத்திக்கொண்டது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்த மாதிரி நேரத்துக்கு 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். ஆனால் பதினைந்து வயதுப் பையன் தானாக எண்ணைத் தட்டிப் பேசுவான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. பக்கத்து வீட்டுத் தாத்தா கேரம் போர்டு ஆட வாடா என்றால் வருவான். பேச்சு அங்கேதான் தொடங்கும்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. நம் சங்கக் கட்டடம் மாலையில் பூட்டிக் கிடக்கிறது. வாரத்தில் ஐந்து நாள், நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை திறந்து வைப்போம். கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது தன்னார்வலர்கள் மாலை வேளையில் வீட்டு வாசல்களிலும் திண்ணைகளிலும் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அதைவிடப் பெரிதாக எதுவும் வேண்டாம். பாய், விளக்கு, சுண்டல், வீட்டுப்பாடம். தம்பி தங்கையைக் கூட்டிக்கொண்டு வரும் அக்காக்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும், ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். கதவு சாத்தக் கூடாது. எந்தப் பிள்ளையோடும் யாரும் தனியாக இருக்கக் கூடாது. இது எனக்கும் சேர்த்துத்தான். இதில் வருத்தப்படுகிறவர்கள் பொறுப்பு எடுக்க வேண்டாம்.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மேசை. ஜீப் ஓடாத நாள் என்பதால் ஞாயிறு. காகித வேலை எதுவானாலும் பார்ப்போம். மலைக்கு அந்தப் பக்கம் வாங்க வேண்டிய சான்றிதழ் என்றால் நான் பஸ் ஏறிப் போய் வருகிறேன். முட்டி வலி இருக்கிறது, ஆனாலும் போவேன்.

சுண்டலுக்கும் மின்கட்டணத்துக்கும் மாதம் எவ்வளவு ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எந்தக் கிழமை வர முடியும் என்று மட்டும் எழுதுங்கள், நன்கொடை இப்போது வேண்டாம். செவ்வாயும் வெள்ளியும் பெண்கள் யாரும் இன்னும் பெயர் தரவில்லை.